எண் இல்லாத காத்தாடி

சூறைப்பாளையத்துச் சந்தைத் திடலுக்கு மேலே கலாமணியின் பொம்மை விமானம் மூக்கை வானத்துக்கு நீட்டியபடி அசையாமல் நின்று, அதன் கீழே நாற்பதடி வட்டத்துக்குக் காற்றும் நின்றுபோன அந்த ஆனி மாதச் சனிக்கிழமைக்கு முன்பு, அந்த ஊரில் பிறந்த யாரும் மெதுவாகப் பேசியதில்லை. கணவாயை ஒட்டிய மற்ற ஊர்களுக்கெல்லாம் வைகாசியில் வந்து ஐப்பசியில் போய்விடுகிற காற்று, இந்த ஊரில் மட்டும் பன்னிரண்டு மாதமும் அடித்தது. தோளில் போட்ட துண்டைச் சட்டையோடு சேர்த்து ஊக்குக் குத்திக்கொண்டார்கள், கல்யாணப் பந்தியில் இலையின் நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார்கள், ஆசையையும் துக்கத்தையும் ஒரே சத்தத்தில் சொன்னார்கள், ஊரைச் சுற்றி நின்ற நூற்றுச் சொச்சம் காற்றாலைகளைக் காத்தாடி என்று கூப்பிட்டார்கள், அந்தக் காத்தாடிகள் நின்று யாரும் பார்த்ததில்லை.

அத்தனை சத்தத்தையும் தாண்டிக் கேட்ட குரல் ஒன்று இருந்தது. அது நாச்சிமுத்துவினுடையது. செவ்வாயும் வெள்ளியும் கூடுகிற தக்காளிச் சந்தையில் இருபது வருஷமாக அவன்தான் ஏலம் கூவினான். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அவன் வாயைத் திறந்தால், எதிர்க்காற்றில் கடைசி வரிசையில் நிற்கிற வியாபாரிக்கும் ஒரு சொல் குறையாமல் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு அவன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள், உயிர் பிழைத்தது, குரல் போனது. மிச்சமிருந்தது ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான், காகிதத்தை விரலால் தடவுகிற அளவுக்கு ஒரு சத்தம். முதல் ஆறு மாதம் பேசிப் பார்த்தான். எதிரே நின்றவர்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என்னது, என்னது என்று கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயும் சிமெண்ட் ஷீட் கூரை ராப்பகலாகப் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பேச்சை நிறுத்தினான். அதற்குப் பிறகு தலையை ஆட்டியும் கையைக் காட்டியுமே காலம் தள்ளினான்.

அவன் மனைவி கலாமணி பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். கிணற்று மோட்டாரோ மாவு மில் மோட்டாரோ, எரிந்து வந்த எதையும் பிரித்து, கருகின கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி ஓடவைத்துக் கொடுப்பாள். ஒரு தடவை பக்கத்து டவுனில் இருக்கும் பொறியியல் கல்லூரிக்கு மோட்டார் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே மைதானத்தில் யாரோ ரிமோட்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு விமானம் செங்குத்தாக எழும்பி, வாலைத் தரைக்கும் மூக்கை மேகத்துக்கும் காட்டி, மூக்கில் சுழலும் காத்தாடி ஒன்றையே பிடித்துத் தொங்குவதுபோல அந்தரத்தில் நின்றதைப் பார்த்தாள். எதுவும் இருந்த இடத்தில் இராத ஊரிலிருந்து வந்தவள் அவள். இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படி நிற்கிறது என்று கேட்டதற்கு, எல்லாம் காத்தாடியைப் பொறுத்தது என்று பதில் வந்தது.

ஊருக்கு வந்து லேசான ஃபோம் அட்டையில் தானே ஒரு விமானம் வெட்டினாள். காற்றடிக்கிற ஊரில் ஓட்டவே முடியாது, நிற்க வைக்கவா போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எட்டு மாதத்தில் பதினொரு தடவை காற்று அதைக் காகிதம் மாதிரி தூக்கிக்கொண்டு போய் வேலிகாத்தான் முள்ளில் செருகியது. ஒவ்வொரு தடவையும் எடுத்து வந்து, ஒட்டி, காத்தாடியை மாற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தைத் திடல் காலியாக இருந்தது. விமானத்தை எறிந்தாள், அது எழும்பியது, பனைமர உயரத்தில் மூக்கை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்தாள். அது நின்றது. இன்னும் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அவளுடைய முந்தானை, பிறந்ததிலிருந்து பின்னால் பறந்தே பழகின முந்தானை, தானாகக் கீழே இறங்கித் தொங்கியது. ஏதோ காது அடைத்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது முப்பதடிக்கு அப்பாலிருந்து ஒரு சொல் கேட்டது.

"டீ ஆறுது."

திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தான். தான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது என்பது அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள், தலைக்கு மேலே விமானமும் அசையாமல் நின்றது.

அதன் பேட்டரி எட்டு நிமிஷம்தான் தாங்கும். ஒரு மணி நேரம் ஆனபிறகும் காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. கலாமணி ரிமோட்டின் குச்சியை ஒரு மயிரிழை தாழ்த்திப் பார்த்தாள், விமானம் ஒரு சாண் இறங்கியது. உயர்த்தினாள், ஏறியது. யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு ரிமோட்டைப் பைக்குள் வைத்தாள். மதியம் பஞ்சாயத்துத் தலைவி மயிலாத்தாள் வந்து, அது எப்போது இறங்கும் என்று கேட்டபோது, தெரியவில்லை என்று சொன்னாள். தலையில் விழுமா என்று தலைவி கேட்டாள், அதுவும் தெரியவில்லை என்றாள். தலைவி நேர் கீழே சுண்ணாம்புப் பொடியால் வளைத்து ஒரு கோடு போடச் சொல்லிவிட்டு, மற்ற வேலைகளைப் பார்க்கப் போனாள்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள நாலு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் வட்டத்துக்குள் வந்தவர்கள் வழக்கம்போலக் கத்திப் பேசி, தங்கள் சத்தத்தைக் கேட்டுத் தாங்களே பயந்தார்கள். மூன்றாம் நாள் குரலைத் தணித்தார்கள். நாலாம் நாள் பெண்கள் ராகி மாவை அங்கே கொண்டுவந்து பாய் விரித்துக் காயப்போட்டார்கள், நாவிதர் நாற்காலியைத் தூக்கி வந்தார், கிராமச் செவிலியர் ஸ்டெல்லா ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கர்ப்பிணிகளை வரிசையில் உட்காரவைத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குழந்தையின் துடிப்பு சந்தேகமில்லாமல் கேட்கிறது என்றார், கோயில் பூசாரி ஒரு ஊதுபத்தியை ஏற்றி மண்ணில் நட்டுவைத்துவிட்டு, புகை நேராக மேலே போவதைப் பார்க்கும்படி வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டார். புகை என்றால் படுத்துக்கொண்டுதான் போகும் என்று நினைத்திருந்த ஜனங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

விமானத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. அது மேலே நின்றது. அதன் கீழே அவர்களுக்கு வேலை இருந்தது.

செவ்வாய்க்கிழமை சந்தை கூடியபோது, யாரும் சொல்லாமலே தக்காளிப் பெட்டிகளை வட்டத்துக்குள் கொண்டுவந்து அடுக்கினார்கள். வியாபாரிகள் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் ரொம்ப நேரம் ஒரு தக்காளியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியின் மேல் ஏறி நின்று, காகிதத்தை விரலால் தடவுகிற அந்தச் சத்தத்தில் ஏலம் கூவினான். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தரும் காதுக்குப் பின்னால் கையை வைக்கவில்லை.

அன்றைக்குச் சந்தை கலைந்தபிறகு அவனும் கலாமணியும் காலிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்துப் பேச்சு அவனுக்குள் தேங்கிக் கிடக்கும், வலியைச் சொல்வான், கோபத்தைச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வது என்று மனதைத் தயார்செய்தும் வைத்திருந்தாள். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தக் காத்தாடிய எப்படித் தேடிப் புடிச்ச?"

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினாள், சொல்லச் சொல்ல நிறுத்த முடியவில்லை.

ஒவ்வொரு காத்தாடியிலும் இரண்டு எண் பொறித்திருக்கும் என்றாள். முதல் எண், நுனியிலிருந்து நுனிக்கு எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது, திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல அது ஒரு சுற்றுக்குக் காற்றுக்குள் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. ஓடுகிற விமானத்துக்கு இரண்டாவது எண் பெரிதாக வேண்டும். நிற்கிற விமானம் எங்கேயும் போகப்போவதில்லை, அதனால் அதற்கு முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் வேண்டும், நிறையக் காற்றை அவசரப்படாமல் கீழே தள்ள வேண்டும். இதை அவள் தெரிந்துகொள்ள மூன்று அளவுக் காத்தாடி ஆனது. ஒன்பதுக்கு ஆறு என்று போட்டிருந்ததை முதலில் மாட்டினாள். அது வானத்தைத் தைக்கிற ஊசி மாதிரி ஓடியது, நிமிர்த்தி நிறுத்தினால் வால் பக்கமாக வழுக்கி விழுந்தது. பத்துக்கு ஏழு மாட்டியபோது மோட்டார் திணறி வார்னிஷ் கருகுகிற வாசம் வந்தது, அந்த வாசம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும், உடனே இறக்கிவிட்டாள். பன்னிரண்டுக்கு நாலு நன்றாகத் தூக்கியது, ஆனால் காத்தாடி ஒரு பக்கம் சுற்ற, அதன் பலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விமானம் மறுபக்கம் சுற்றியது, ஒரு நிமிஷத்தில் மோட்டாரைத் தொட முடியாதபடி சூடும் ஏறியது.

பிறகு மளிகைக் கடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததைச் சொன்னாள். வால் தட்டில் படும்படி விமானத்தை நிமிர்த்திப் பிடித்து மோட்டாரை ஓடவிடுவாள். தராசு முள் நானூற்று இருபது கிராமிலிருந்து இறங்கி இறங்கிச் சைபருக்கு வந்தால், விமானம் தன் கனத்தைத் தானே தூக்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சைபர் குச்சியைப் பாதி தள்ளும்போதே வர வேண்டும், ஏனென்றால் விழப்போகும்போது பிடித்துத் தூக்க மீதிப் பாதி கையில் இருக்க வேண்டும். பதினொன்றுக்கு நாலு இருந்தால் எல்லாம் சரியாக வரும் என்று தோன்றியது. கடையில் அது இல்லை. அதனால் பன்னிரண்டையே எடுத்து இரண்டு நுனியையும் உப்புத்தாளால் தேய்த்தாள். ஒரு தேய்ப்பு, நடுத்துளையில் ஊசியைக் கோத்து எந்தப் பக்கம் தாழ்கிறது என்று ஒரு பார்வை, கனமான பக்கத்தில் இன்னொரு தேய்ப்பு, பிறகு தராசு. இப்படி ஒன்பது நாள். முடிந்தபோது அது பன்னிரண்டும் இல்லை, பதினொன்றும் இல்லை. அதற்கு எண்ணே கிடையாது.

"இதுதான்னு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"சத்தத்துலதானுங்க. சுமைய எறக்கி வெச்ச ஆளு மூச்சு வுடற மாதிரி இருந்துச்சு."

அவன், இதையெல்லாம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னனுங்க. காத்தா இருந்துச்சு." பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்குக் குரல் இருந்த காலத்துலயும் நான் எத்தனையோ சொல்லியிருக்கறன். அப்ப நீங்க சத்தமாப் பேசிட்டிருந்தீங்க" என்றாள்.

அவன் மறுநாள் சாயங்காலமும் அதே பெட்டியில் வந்து உட்கார்ந்தான். ஊசியில் கோத்தபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றதே, அதற்கப்புறமும் ஏன் தேய்த்தாய் என்று கேட்டான். அதற்கு மறுநாள், காயில் சுற்றுவதைப் பற்றிக் கேட்டான். ஆனி போய் ஆடி பிறந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பேசாததை அவள் பேசினாள். அவனும் பேசினான், ஆனால் பேசியதைவிடக் கேட்டது அதிகம்.

இதற்கிடையில் வட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. சந்தைத் திடலைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, முதல் இரண்டு தெருக்களை விழுங்கியது. காற்று இத்தனை காலமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போன சாக்கடை வாசமும் மாட்டுக்கொட்டகை வாசமும் இருந்த இடத்திலேயே இருந்தன. கொசு என்ற ஒன்றைச் சூறைப்பாளையம் முதல் தடவையாகப் பார்த்தது. காற்றுச் சத்தத்தில் தூங்கிப் பழகின கைக்குழந்தைகள் அமைதியில் தூங்க மறுத்து அழுதன, தாய்மார்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேனைத் தகரத்தில் உரசும்படி வைத்துத் தூங்கவைத்தார்கள். பக்கத்து வீட்டில் தங்களைப் பற்றிப் பேசுவது கேட்க ஆரம்பித்ததும், நல்லபடி பழகிக்கொண்டிருந்த மூன்று குடும்பங்கள் முகம் பார்ப்பதை விட்டன. ஆடி இருபதாம் தேதி வட்டம் முதல் காற்றாலையை எட்டியது. அதன் மூன்று இறக்கைகளும் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றன. காவலாளி சைக்கிளில் வந்து பார்த்து, நோட்டில் மணியைக் குறித்துவிட்டு, நிழலில் படுத்துத் தூங்கினார்.

விவசாயி ஆறுச்சாமியால் தூங்க முடியவில்லை. அவன் கொள்ளு அறுத்துக் களத்தில் அடித்துக் குவித்திருந்தான். தூற்றுவதற்குக் காற்றில்லை. முறத்தால் புடைத்துப் பார்த்தார்கள், முழுக் குவியலையும் அப்படிப் புடைத்து முடிக்க ஒரு மாதம் ஆகும். மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் குவியலோடு முளைத்துவிடும். அவனை அடுத்து இன்னும் ஏழு களங்கள் வட்டத்துக்குள் வந்துவிட்டிருந்தன.

மயிலாத்தாள் எல்லோரையும் திடலுக்குக் கூப்பிட்டாள். அமைதியில் நடந்த முதல் கூட்டம் என்பதால் யாரும் யாரையும் மறித்துப் பேசவில்லை. நிற்கட்டும் என்று பாதிப் பேரும் போகட்டும் என்று பாதிப் பேரும் தாழ்ந்த குரலில் காரணம் சொன்னார்கள். ஸ்டெல்லா நிற்கட்டும் என்றார். கைக்குழந்தைக்காரிகள் போகட்டும் என்றார்கள். ஆறுச்சாமி எழுந்து, தன் கொள்ளுக் குவியலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நாச்சிமுத்து அண்ணனுக்காகத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

தலைவி கலாமணியின் பக்கம் திரும்பினாள். "அதக் கீழ எறக்க முடியாதா கண்ணு?"

"முடியுமுங்க அக்கா," என்றாள் கலாமணி. "மொத நாள்லருந்தே முடியும்."

திடல் முழுக்க அந்தச் சொல் கேட்டது. கிசுகிசுப்பே கடைசி ஆள் வரைக்கும் போகிற இடம் அது. தலைவி, முதலிலேயே அழுத்திக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றாள் கலாமணி. அவள் தலை குனியவில்லை. இந்த மனுஷர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார், அதனால் சொல்லவில்லை என்றாள். யாரும் கோபப்படவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் தங்கள் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார்கள். முகம் பார்ப்பதை விட்டிருந்த மூன்று குடும்பங்களும் ஒன்றையொன்று ஒரு தடவை பார்த்துக்கொண்டன.

நாச்சிமுத்து எழுந்து நடந்து விமானத்துக்கு நேர் கீழே போய், சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றான். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"எறக்கு கலாமணி. நான் புடிச்சுக்கறன்."

அவள் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். எடுத்தபிறகும் குச்சியைத் தொடாமல் நின்றாள். அவள் ஏன் காத்திருக்கிறாள் என்பது ஒவ்வொருவருக்கும் புரியப் புரிய, ஜனங்கள் பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள். மருமகள் மாமியாரிடம் ஏதோ சொன்னாள், பூசாரி தம்பியிடம் சொன்னார், வியாபாரி ஒருவர் யாரிடமும் இல்லாமல் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார், ஆறுச்சாமி தன் பெண்டாட்டி காதில் சொன்னதற்கு அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், மயிலாத்தாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கொடிக்காய் மரத்திலிருந்து தானாக ஒரு காய் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கலாமணி குச்சியை ஒரு மயிரிழை தாழ்த்தினாள். விமானம் ஒரு சாண் இறங்கியது. இன்னொரு மயிரிழை, இன்னொரு சாண். பனைமர உயரத்திலிருந்து கூரை உயரத்துக்கு வந்து, அங்கே சற்று நின்றது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறக்கினாள். ஆளுயரத்துக்கு வந்ததும் நாச்சிமுத்து வாலைப் பிடித்தான். காத்தாடி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

முதலில் தூரத்துக் காற்றாலை முனகியது. பிறகு வட்டத்தின் விளிம்பிலிருந்து காற்று நாலு பக்கமும் உள்ளே ஓடி வந்தது. மாவு பறந்தது, துண்டுகள் பறந்தன, தலைவியின் நோட்டுத் தாள்கள் வேலிக்கு அப்பால் போயின. கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தூங்கின. ஆறுச்சாமி களத்தைப் பார்த்து ஓடினான், அவனுக்குப் பின்னால் முறத்தோடு அரை ஊர் ஓடியது. பொழுது சாயும் முன் எட்டுக் களத்திலும் தூற்றி முடித்தார்கள். அதற்கப்புறம்தான் மழை வந்தது.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு நாச்சிமுத்து வரமாட்டான் என்று சிலர் நினைத்தார்கள். வந்தான். பெட்டியின் மேல் ஏறாமல் தரையில் நின்றான். வியாபாரிகள் அவனைச் சுற்றி வந்து, தோளோடு தோள் ஒட்டித் தலையைக் குனிந்து நின்றார்கள். அவன் சொன்னதை ஆறுச்சாமி வெளியே திரும்பிக் கத்திச் சொன்னான். ஏலம் நடக்க முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதைப் பார்த்து, ஊரில் மற்றவர்களும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் கத்துவதற்கு முன்னால் இரண்டு எட்டு பக்கத்தில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கலாமணி சனிக்கிழமை காலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்து, அதே காத்தாடியோடு அதே விமானத்தை மறுபடி எறிந்தாள். எழும்பி மூக்கை நிமிர்த்தியது, மூன்று விநாடி நின்றது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரை முள்ளில் செருகியது. அவள் சிரித்துவிட்டு அதை எடுக்க நடந்தாள். நாச்சிமுத்துவும் கூட நடந்தான். பாதி வழியில் அவன் ஏதோ சொன்னான். காற்று அதைக் கொண்டுபோனது. அவள் திரும்பி வந்து, அவன் தோளைப் பிடித்து, காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

பன்னிரண்டையே எடுத்து, நுனியை நேராகத் தேய்க்காமல் சாய்வாகச் சீவிப் பார்த்தால் என்ன என்று அவன் கேட்டான். அப்படிச் செய்தால் மோட்டார் சூடாகும் என்று அவள் அவன் காதில் சொன்னாள். ஆகாது என்று அவன் அவள் காதில் சொன்னான். ஒவ்வொரு பேச்சுக்கும் நின்று நின்று போனதால், வாய்க்கால் கரை போய்ச் சேர அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.